ஒற்றைப் பிரதியும் எல்லைப்புற மொழியும்

சற்றே நீண்ட பதிவு. மொழித்துறைகளில் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

வணிகத்தைப் பற்றி மொழியியல் மாணவர் எழுதுவதற்குக் காரணம் வேண்டும். காரணம் இது: அச்சின் நெடிய வரலாற்றில், ஒரே ஒரு பிரதியை அச்சிட ஆகும் செலவு சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது நம் காலத்தில்தான். ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ என்று சந்தையிலும் ‘தேவைக்கேற்ற அச்சு’ என்று தமிழிலும் வழங்கும் முறை அதைச் சாத்தியமாக்கியது. விற்பவர் வடிவத்தை மட்டும் இணையச் சந்தையில் ஏற்றிவைக்கிறார். ஒருவர் பணம் செலுத்தி வாங்கிய பிறகே டி-ஷர்ட்டிலோ காபிக் குவளையிலோ சுவரொட்டியிலோ அது அச்சாகிறது. கையிருப்புச் சரக்கு இல்லை. குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்று.

இதைப் பகுதிநேர வருமான வாய்ப்பாகவே பலரும் பேசுகிறார்கள். நான் இதை மொழி வாழ்வின் சிக்கலாகப் பார்க்கிறேன். என் வாதத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். எண்ணிக்கையில் சிறியவர்களாக வாழும் மொழியினருக்குப் பெரும்பயன் தரக்கூடிய இத்தொழிலில், மொழியை அறிந்தவர் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறார். மொழியை அறியாத பொறி கடைக்குள் அமர்த்தப்பட்டிருக்கிறது. இந்நிலையை மாற்றும் பொறுப்பில் ஒரு பங்கு மொழித்துறைகளாகிய நம்முடையது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது, பதினாறு பக்க நூலுக்காகத் தமிழ் எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. அச்செழுத்து வார்ப்பதும் கோப்பதும் முதல் பிரதிக்கான செலவு. அடுத்தடுத்த பிரதிகளுக்குத் தாளும் மையும் உழைப்பும் போதும். திருப்பூரின் திரை அச்சிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை செய்ய வேண்டும். திரைச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஐம்பதோ நூறோ பனியன்கள் வேண்டும். முதல் பிரதியின் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆள் இருக்கும் மொழிகள் அச்சேறின. மற்றவை வெளியே நின்றன. ஒரு மொழியில் வாசிப்போரே இல்லை என்று சொல்லப்படும் இடங்களில், வாசிப்போர் இருந்தும் முதல் பிரதிக்குப் பணம் இல்லாதிருந்த இடங்கள் எத்தனையோ.

எண்ணிம அச்சு இந்தக் கணக்கை மாற்றியது. துணியின் மீது நேரடியாக மை தெளிக்கும் பொறி வந்தது. பிறகு படலத்தில் அச்சிட்டுப் பசைத்தூள் தூவி வெப்பத்தால் துணியில் ஒட்டும் ‘டிடிஎஃப்’ முறை வந்தது. குவளைகளுக்குச் சப்ளிமேஷன் முறை: சிறப்புத் தாளில் அச்சான வண்ணம் கடும் வெப்பத்தில் ஆவியாகிக் குவளையின் மேற்பூச்சில் இறங்குகிறது. இவை எதிலும் திரையோ அச்செழுத்தோ இல்லை. கணினிக் கோப்பு ஒன்றே போதும். அமெரிக்காவில் கஃபேபிரஸ் 1999இலும், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ரெட்பபிள் 2006இலும் தொடங்கி இம்முறையைப் பரப்பின. இன்று சென்னையிலும் திருப்பூரிலும் இதற்கெனவே நிறுவனங்கள் உள்ளன. கோப்பை அனுப்பினால் அச்சிட்டு, விற்பவர் பெயரிலேயே உறையிட்டு, வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

இக்கணக்கு யாருக்கு வேண்டும்? தமிழ்நாட்டின் பெருநகரத்தில் தமிழ் வாசகம் கொண்ட சட்டை விற்பவருக்கு இது வசதி, அவ்வளவே. அவர் நூறு சட்டைகளை அச்சடித்து வைத்தாலும் விற்றுவிடுவார். ஹனூர் போன்ற ஊரில்தான் இது வசதி என்ற நிலையைக் கடந்து தேவையாகிறது.

ஹனூரை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் மைசூர் மாநிலத்துக்குச் சென்று மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது அதனுள் வந்தது. கொள்ளேகாலின் ஒரு பகுதியாக இருந்த ஹனூர் பின்னர் தனி வட்டமாயிற்று. மாதேஸ்வரன் மலை இந்த வட்டத்தில்தான் உள்ளது. காவிரிக்கரையில் உள்ள கோபிநத்தமும், தமிழ்க் கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் மார்ட்டள்ளியும் இங்கே உள்ளன. காடுகளில் சோலிகர் தம் மொழியைப் பேசுகிறார்கள். ஒடெயர்பாளையத்தில் திபெத்தியக் குடியிருப்பு உள்ளது. கன்னடம் ஆட்சிமொழி, பெரும்பான்மை மொழி. தமிழ் வீட்டிலும் சந்தையிலும் புழங்கும் மொழி. சோலிகர் பேச்சும் திபெத்திய மொழியும் ஆங்கிலமும் இவற்றோடு சேர்ந்தால் ஒரே வட்டத்தில் ஐந்து மொழிகள்; எழுத்துமுறைகள் நான்கு.

இத்தகைய ஊரில் அச்சுக்கான தேவை எப்போதும் சிறு எண்ணிக்கையில்தான் எழும். கன்னட வீட்டுப் பெண்ணும் தமிழ் வீட்டுப் பையனும் மணந்துகொள்ளும் திருமணத்துக்கு இரு எழுத்திலும் பெயர் பொறித்த பரிசுப்பொருள் வேண்டும், தேவை இரண்டு. பள்ளி ஆண்டுவிழாவுக்குச் சோலிக மொழியில் ஒரு வரி எழுதிய பதாகை வேண்டும், தேவை ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு வரும் அடியவருக்குத் தமிழில் ‘மாதேஸ்வரன்’. கன்னட அடியவருக்குக் கன்னடத்தில் ‘மாதப்பா’. ஒரே தெய்வம், இரு விளிகள், இரு எழுத்துகள். பெருந்தொகையில் அச்சிடும் வணிகம் இந்த வேறுபாட்டைத் தாங்காது; ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைக் கைவிடும். ஒற்றைப் பிரதி வணிகம் தாங்கும். அதனால்தான் இதை எல்லைப்புற மொழிகளுக்கான வாய்ப்பு என்கிறேன்.

ஆனால் இந்த வாய்ப்புக்கு முன்னால் மூன்று வாசல்கள் சாத்தப்பட்டுள்ளன.

முதல் வாசல் எழுத்து. அண்மையில் ஒரு தளத்தின் ‘உங்கள் பெயரை இங்கே எழுதுக’ என்னும் கட்டத்தில் ‘ஹனூர்’ என்று தமிழில் உள்ளிட்டுப் பார்த்தேன். முன்னோட்டப் படத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன. எழுத்துருவை மாற்றியதும் எழுத்துகள் தோன்றின. ஆனால் னகரத்தோடு இணைய வேண்டிய ஊகாரக் குறி தனியே விலகி நின்றது. ரகரத்தின் புள்ளி பக்கவாட்டில் சரிந்திருந்தது. அத்தளத்தின் பெயர் இங்கு முக்கியமன்று; இந்நோய் பொதுவானது.

காரணம் எளியது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் ஒலிவரிசைப்படி சேமிக்கப்படுகின்றன. ‘கெ’ என்பதில் ககரம் முதலிலும் எகரக் குறி பின்னரும் சேமிக்கப்படும். கண்ணுக்குத் தெரியும்போது குறி முன்னால் வரவேண்டும். ‘கொ’ என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் அமர வேண்டும். ‘னூ’ என்பது இரண்டு வடிவங்களின் கூட்டல் அன்று, தனியொரு வடிவம். சேமிப்பு வரிசையிலிருந்து காட்சி வடிவுக்கு மாற்றும் இந்த வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் அடுக்கு வேண்டும். உரோமன் எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பழகிய அச்சுத் தளங்கள் பலவற்றில் அந்த அடுக்கு இணைக்கப்படவில்லை.

இது தீர்க்கவியலாத சிக்கலும் அன்று. ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இதே வேலையைத்தான் நம் கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. நோட்டோ வரிசைத் தமிழ் எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செய்ய முடியும், கேட்பவர் இல்லாததால் செய்யப்படவில்லை. வடிவத்தைப் படமாக ஏற்றினால் இச்சிக்கல் இராதே என்று சொல்லலாம். விற்பவருக்கு அது பொருந்தும். வாங்குபவர் தம் பெயரைத் தாமே உள்ளிட்டு வாங்குவதுதான் தனிப்பயன் அச்சின் உயிர்நாடி. அந்த இடத்தில் படம் உதவாது, எழுத்து வேண்டும்.

இரண்டாம் வாசல் பட்டியல். இணையச் சந்தையில் பொருள் இருப்பது போதாது. தேடுபவர் கண்ணில் பட வேண்டும். தலைப்பு, விளக்கம், தேடுசொல் என மூன்றையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியுள்ளது. மாதேஸ்வரன் என்ற பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். தமிழர் ஒருவர் தகரத்துக்கு ‘டி-ஹெச்’ என்றும் கன்னடர் ஒருவர் ‘டி’ என்றும் எழுதும் வழக்கமே தேடலைப் பிரித்துவிடும். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரு கட்டங்கள் கேட்கும் படிவத்தில், தந்தையின் பெயரெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னால் இடும் தமிழர் எங்கே போவார்?

மின்னூல் சந்தையின் வரலாற்றையும் இங்கு ஒப்பிடலாம். 2016இன் இறுதியில் அமேசான் கிண்டில் இந்திய மொழி நூல்களை அறிவித்தபோது இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்தே அப்பட்டியலில் இருந்தன. தமிழ் 2004இலும் கன்னடம் 2008இலும் செம்மொழித் தகுதி பெற்றவை. இருந்தும் கன்னடம் அந்த ஐவரில் இல்லை. அன்று ஹனூரில் வாழ்ந்த தமிழர் தம் மொழியில் மின்னூல் ஏற்ற முடிந்தது. அம்மாநிலத்தின் ஆட்சிமொழியைப் பேசிய அண்டைவீட்டாருக்கு அது இயலவில்லை. இதில் தமிழர் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு மொழியைச் சந்தையில் சேர்ப்பதும் விடுவதும் அம்மொழியினர் அறியாத ஓர் அறையில் முடிவாகிறது என்பதையே இது காட்டுகிறது. கன்னடத்துக்கே இந்நிலை என்றால் சோலிக மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வாசல் வரி. மொழித்துறையினர் இதைக் கவனிப்பதில்லை. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சரக்கு-சேவை வரிச் சட்டத்தின்படி, கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் ரூ. 40 லட்சத்தைக் கடக்கும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆனால் மின்வணிகத் தளத்தின் வழியே பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி நெடுநாள் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்த்தப்பட்டது. சிறுவணிகர் இனிப் பதிவின்றியே தளத்தில் விற்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விற்பனை மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மாநில எல்லையைக் கடந்து ஒரு பொருளை விற்றாலும் பதிவு கட்டாயம்.

சென்னையில் தமிழ்க் குவளை விற்பவருக்கு இது பெரிய சலுகை. அவருடைய மொழியினர் பெரும்பாலும் அவருடைய மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஹனூரில் தமிழ்க் குவளை விற்பவருடைய மொழியினர் எங்கே இருக்கிறார்கள்? பர்கூர் மலைப்பாதையில் இறங்கினால் அந்தியூர். பாலாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மேட்டூர். அவருக்கு இயல்பான சந்தை எல்லைக்கு அப்பால் உள்ளது. அங்கே ஒரு குவளை அனுப்பினாலும் அவர் முழுப்பதிவு பெற்று, கணக்கு வைத்து, காலந்தோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். மாதம் பத்துக் குவளை விற்பவரின் இலாபம் கணக்கருக்கே போய்விடும்.

மறுபுறத்திலும் இதே நிலை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈரோடு மாவட்டத் தாளவாடியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. பர்கூர் மலையிலும் கன்னடம் பேசும் மக்கள் உண்டு. தாளவாடியிலிருந்து கன்னட வாசகப் பொருளைச் சாமராஜநகருக்கு விற்பவருக்கும் இதே சுமைதான். சேவை வழங்குவோருக்கு ரூ. 20 லட்சம் விற்றுமுதல் வரை மாநில எல்லையைக் கடக்கப் பொதுவான விலக்கு உள்ளது. பொருளுக்கு அவ்விலக்கு இல்லை. பொருள் எந்த மாநிலத்தில் நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கு வரி போய்ச் சேர வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம், அது நியாயமானது. ஆனால் அதன் விளைவு இப்படி அமைந்திருக்கிறது: மாநிலமும் மொழியும் ஒன்றே என வாழ்பவருக்குச் சலுகை, எல்லையில் வாழ்பவருக்குச் சுமை. 1956இல் வரைந்த கோடு 2023இல் ஒரு குவளையின் கணக்கில் வந்து நிற்கிறது.

மொழி பேசுபவர் இவ்வாறு வெளியே நிற்கையில் கடைக்குள் இருப்பது யார்? மூன்று நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன்.

முதலாவது 2013 மார்ச். ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ என்பது 1939இல் பிரிட்டிஷ் அரசு போருக்காகத் தயாரித்த சுவரொட்டி வாசகம். சாலிட் கோல்ட் பாம் என்ற நிறுவனம் அதன் பிற்பாதியை வெட்டிவிட்டு, அகராதியிலிருந்து எடுத்த வினைச்சொற்களை ஒரு நிரலின் மூலம் அவ்விடத்தில் பொருத்தி, ஆயிரக்கணக்கான டி-ஷர்ட் வடிவங்களை அமேசானில் பட்டியலிட்டது. அவற்றுள் பெண்கள் மீதான வன்முறையைத் தூண்டும் வாசகங்களும் இருந்தன. உலகம் அதிர்ந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அந்த வாசகங்களை மனிதர் எவரும் எழுதவில்லை, நிரல் உருவாக்கியது என்றது. அந்தச் சட்டைகள் அச்சாகவே இல்லை. பட்டியலில் படமாக மட்டும் இருந்தன.

இரண்டாவது 2017 ஜனவரி. அமேசானின் கனடா தளத்தில் இந்தியத் தேசியக்கொடி அச்சிட்ட மிதியடி விற்பனைக்கு இருந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் பொதுவெளியில் கண்டித்த பிறகே அது நீக்கப்பட்டது. மூன்றாவது 2021 ஜூன். அதே கனடா தளத்தில் மஞ்சளும் சிவப்புமான கன்னடக் கொடியின் நிறத்தில், கர்நாடக அரசின் இலச்சினையுடன் பெண்களுக்கான நீச்சலுடை பட்டியலிடப்பட்டிருந்தது. அன்றைய கன்னட, பண்பாட்டுத் துறை அமைச்சர் அரவிந்த் லிம்பாவளி மன்னிப்புக் கோர வலியுறுத்தினார். கன்னடத்தை இழிவுபடுத்தும் தேடல் விடை ஒன்றுக்காகக் கூகுள் வருத்தம் தெரிவித்து இரண்டொரு நாள்கூடக் கழியாத வேளை அது. இவ்விரண்டிலும் உலகக் கொடிகளின் பட்டியலை வரிசையாகப் பொருள்களின் மீது ஒட்டிச் செல்லும் முறையின் சாயலை நான் காண்கிறேன். கன்னடத்தை இழிவுபடுத்த எண்ணிய ஒருவர் எங்கோ இருந்திருக்க வேண்டும் என்று நம்ப எனக்குச் சான்று இல்லை. எண்ணிப் பார்த்தவர் எவருமே இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது.

எர்விங் காஃப்மன் 1979இல் ஒரு கூற்றுக்குப் பின்னுள்ள பங்கை மூன்றாகப் பிரித்தார்: குரல் தருபவர், சொற்களை அமைப்பவர், கூற்றுக்குப் பொறுப்பேற்பவர். மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. அமைச்சரின் உரையை உதவியாளர் எழுதலாம், அறிவிப்பாளர் வாசிக்கலாம். ஆனால் எங்கேனும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். தேவைக்கேற்ற அச்சில் அச்சுப்பொறி குரல் தருகிறது. நிரலும் சொற்பட்டியலும் சொற்களை அமைக்கின்றன. மூன்றாம் இருக்கை காலியாக உள்ளது. கேள்வி எழுந்தால் சந்தை விற்பவரைக் காட்டுகிறது, விற்பவர் நிரலைக் காட்டுகிறார். யாரும் சொல்லாத ஒரு வாக்கியம் சட்டையாகத் தெருவில் நடக்கிறது.

நம் சூழலில் இது வேறொரு ஆபத்தையும் கொண்டுவரும். ‘இது இன்ன குடும்பத்தாரின் இயல்பு, உமக்குப் புரியாது’ என்ற பொருளில் ஆங்கிலக் குடும்பப்பெயர்களைப் பொருத்தி விற்கும் டி-ஷர்ட் வாசகம் பலருக்கும் தெரிந்ததே. ஆங்கிலேயருக்கு அது வெறும் நகைச்சுவை. அதே அச்சில் இந்தியக் குடும்பப்பெயர்ப் பட்டியலை ஊட்டினால் வெளிவருவது சாதிப் பெருமிதச் சட்டை. பொறிக்கு இரண்டும் ஒன்று. இந்த நாட்டில் ஒரு பெயரின் பின்னொட்டு என்ன சுமக்கிறது என்று அறிந்தவர் ஒருவர் நடுவில் இருந்தால் அது பட்டியலுக்கே வந்திராது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் நம்மிடம் உண்டு. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாது என்று சொன்னதற்காகத் தாம் இந்தியரா என்று கேட்கப்பட்டதாகக் கனிமொழி பதிவு செய்தார். செப்டம்பர் தொடக்கத்தில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் அணிந்த டி-ஷர்ட்டுகளின் படங்கள் பரவின. ஒன்றில் ‘ஐ ஆம் எ தமிழ் பேசும் இந்தியன்’. மற்றொன்றில் ‘இந்தி தெரியாது போடா’. சில நாள்களில் திருப்பூரில் அவ்வாசகங்களுக்கான தேவை பெருகியது.

அந்தக் கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அரசியல். மொழியியல் மாணவராக நான் கவனிப்பது அவ்வாசகங்களின் அமைப்பை. முதலாவது இரு மொழிகளையும் இரு எழுத்துமுறைகளையும் ஒரே தொடரில் கலக்கிறது; ஆங்கில இலக்கணச் சட்டத்துக்குள் ‘தமிழ் பேசும்’ என்னும் பெயரெச்சத் தொடர் அடையாகச் சென்று அமர்கிறது. இரண்டாவதில் ‘டா’ என்னும் விளி ஒட்டு எல்லாவற்றையும் தாங்குகிறது. அது நண்பரிடம் நெருக்கம், அந்நியரிடம் அவமதிப்பு, அதிகாரத்திடம் எதிர்ப்பு. யார் யாரிடம் எப்போது சொன்னார் என்பதிலிருந்தே அதன் பொருள் பிறக்கிறது. ஒரு சொற்பட்டியல் இதைத் தயாரித்திருக்க முடியாது. அங்கே மூன்றாம் இருக்கையில் ஆள் இருந்தார். நெஞ்சில் அணிந்து, முகத்தைக் காட்டி நின்றார். ஒரே தொழில்நுட்பம்தான். பேசுபவர் கையில் இருந்தபோது அது மொழிச்செயலாயிற்று. கேட்பாரற்று இயங்கியபோது அவமானத்தைக் கொண்டுவந்தது.

இனி எதிர்வாதங்கள். ‘குவளையும் சட்டையும் மொழியா? மொழி நூல்களில் அல்லவா வாழ்கிறது?’ என்று கேட்கும் மூத்தோர் உள்ளனர். நூல்களின் இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மொழியின் எழுத்துருவைக் குழந்தை முதலில் பார்ப்பது நூலகத்தில் அன்று. வீட்டுப் பொருள்களிலும் கடைப் பலகைகளிலும்தான். ஹனூரில் கன்னட வழியில் பயிலும் தமிழ்க் குழந்தைக்குத் தன் பெயர் தமிழில் பொறித்த தண்ணீர்ப் புட்டி, ஒருவேளை அது வைத்திருக்கும் ஒரே தமிழ் அச்சுப் பொருளாகலாம். அதில் புள்ளி சரிந்திருந்தால் அக்குழந்தை கற்பது சரிந்த புள்ளியை.

‘தேவை குறைவு, அதனால்தான் சந்தை கவனிக்கவில்லை’ என்பது இரண்டாம் வாதம். குறைந்த தேவையை நிறைவு செய்வதற்கென்றே பிறந்த தொழிலில் இவ்வாதம் செல்லாது. கட்டங்களாகத் தெரியும் பெயரை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்காததைத் தேவையின்மை என்று கணக்கெழுதினால் அந்த வட்டம் ஒருபோதும் உடையாது. ‘செயற்கை நுண்ணறிவு இவற்றையெல்லாம் தீர்த்துவிடும்’ என்பது மூன்றாவது. மொழிபெயர்ப்பின் தரம் உயரலாம். 2013இன் சட்டையிலும் இலக்கணப் பிழை எதுவும் இருந்ததில்லை. அங்கு இல்லாதிருந்தது பொறுப்பாளர். அவரைக் கணிப்பொறி உற்பத்தி செய்யாது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று.

சட்டத்திடம்: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் பெயரையும் முகவரியையும் சந்தைத் தளங்கள் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே கூறுகின்றன. வாசகம் அச்சிட்ட பொருள்களுக்கு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினாலே மூன்றாம் இருக்கைக்கு ஓர் ஆள் கிடைப்பார். கூடவே, சேவைக்கு இருப்பதைப் போன்ற மாநில எல்லை விலக்கைச் சிறு மதிப்பிலான பொருள் விற்பனைக்கும் வழங்குவதை வரி மன்றம் பரிசீலிக்க வேண்டும். எல்லை மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், இரு மாநிலங்களிலும் இதைச் சேர்ந்து எழுப்பலாம்.

தளங்களிடம்: ஒரு மொழியில் பெயர் பொறித்துத் தருவதாக அறிவித்தால், அம்மொழி அறிந்த ஒருவரின் மெய்ப்புப் பார்வை அச்சுக்குமுன் இருக்க வேண்டும். பழைய அச்சகங்களில் மிகச் சிறியதில்கூட மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பொருளையும் மனிதர் பார்க்க இயலாது என்றால், ஒவ்வொரு வார்ப்புருவையும் எழுத்துருவையும் ஒருமுறையாவது பார்க்கலாம்.

நம்மிடம்: இதுவே எனக்கு முதன்மையானது. ஹனூரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பும் தொலைவில் மைசூர் உள்ளது. அங்கே இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்குகிறது. செம்மொழித் தமிழ் உயராய்வு மையம் 2008இல் சென்னைக்கு இடம்பெயரும் முன் அதன் வளாகத்தில்தான் இருந்தது. எல்லைப்புற மொழிகளைப் பற்றி நாம் ஆய்வேடுகள் எழுதுகிறோம். களத்துக்குப் போய்ச் சொற்களைத் திரட்டி வருகிறோம். திரட்டிய சொற்கள் அம்மக்களின் கைக்குத் திரும்ப ஒரு வழி வேண்டாமா?

சிறிதாகத் தொடங்கலாம். தமிழுக்கும் கன்னடத்துக்கும் எழுத்துச் சோதனைத் தொடர் ஒன்றை ஒரு துறை தயாரிக்கலாம். கொம்பும் புள்ளியும் கூட்டெழுத்தும் வடவெழுத்தும் எல்லாம் வரும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். ‘ஹனூர்’ அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். எந்தத் தளம் அதில் தேறுகிறது, எது தவறுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம். முதுகலை மாணவருக்கு அது நல்லதொரு செய்முறைப் பயிற்சி. சோலிகரிடமிருந்து சொற்களைத் திரட்டும் ஆய்வாளர், அவர்கள் இசைந்தால், அச்சொற்களைக் கொண்ட சுவரொட்டி ஒன்றை அவர்கள் பெயரிலேயே, வருவாய் அவர்களுக்கே சேரும்படி ஏற்றித் தரலாம். எதை அச்சிடலாம், எதை அச்சிடக்கூடாது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் அங்கு மெய்ப்புப் பார்ப்பவர், விற்பவர் அல்லர்.

ஒரு பிரதிக்கு மதிப்பில்லை என்று சொல்லியே சிறிய மொழிகளுக்கு நெடுங்காலம் அச்சு மறுக்கப்பட்டது. இன்று ஒரு பிரதி அச்சிடலாம் என்று தொழில்நுட்பம் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த ஒரு பிரதியைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவரை உள்ளே அனுமதிக்க நம் நடைமுறைகள் தயங்குகின்றன. அந்த வாசிப்பாளர்கள் மார்ட்டள்ளியிலும் தாளவாடியிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கக்கூடிய துறைகள் நம்மிடம் இருக்கின்றன.

இக்கருத்துகளில் உடன்படாதோர் தம் வாதங்களை எழுத வேண்டும். குறிப்பாக வரி விதியைப் பற்றி வணிகவியல் துறை நண்பர்களிடமிருந்து கற்க விரும்புகிறேன்.